கடலில் மிதந்த வீடு

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். கடலில் வீடு மிதந்துபோவதாக நீ அனுப்பிய படத்தைப் பற்றி "இது நிஜமா?" என்று கேட்டிருந்தாய். நிஜம்தான். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் மீனவர்கள் அப்படித்தான் வீட்டோடு ஊர் மாறினார்கள்.

புகைபோக்கியை இடித்துவிட்டு, வீட்டை உருட்டுக்கட்டைகள் மேல் ஏற்றி, ஊர் ஆட்கள் வடம் பிடித்துக் கரைவரை இழுப்பார்கள். காலிப் பீப்பாய்களைக் கட்டி, கடல் ஏறும் நேரம் பார்த்து மிதக்கவிட்டு, மோட்டார் படகுகளால் இழுத்துப் போவார்கள். மரவீடு, அதனால் மிதந்தது. சில வீடுகள் வழியிலேயே மூழ்கியும் போயின.

அரசின் இடமாற்றத் திட்டங்களால் 1954 முதல் 1975 வரை ஏறத்தாழ 300 ஊர்கள் காலியாயின, சுமார் 30,000 பேர் இடம் மாறினார்கள். சிதறிக் கிடக்கும் தீவுகளுக்கெல்லாம் பள்ளி, மருத்துவம், மின்சாரம் என்று கொடுத்துக் கட்டுப்படியாகாது என்பது அரசின் கணக்கு. அதை முழுப் பொய் என்று நான் சொல்லமாட்டேன்.

எனக்கு உறுத்துவது வேறு. யாரையும் அடித்துத் துரத்தவில்லை, ஊர் சம்மதத்தைத்தான் கேட்டார்கள். முதலில் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றிருந்தது. 1965 திட்டத்தில் அது 90 சதவீதமாகி, பிறகு 80 ஆனது. இடம் மாற அரசு கொடுத்தது குடும்பத்துக்கு 1,000 டாலர், அதோடு தலைக்கு 200. ஆக, போக நினைப்பவனுக்குப் பணம் வருமா என்பது இருக்க நினைப்பவன் போடும் கையெழுத்தில் இருந்தது. அப்புறம் வாத்தியார் கிளம்புவார், பாதிரியார் வருவது நிற்கும். பள்ளிக்கூடம் மூடிய ஊரில் பிள்ளை பெற்றவன் எத்தனை நாள் பிடிவாதம் பிடிப்பான்?

போன இடத்தில் மீன்பாடுள்ள இடமெல்லாம் ஏற்கெனவே அங்கிருந்தவர்கள் கையில். அதனால் பலர் கோடையில் பழைய தீவுக்கே போய்த் தங்கி மீன் பிடித்தார்கள். சரி, இதற்கா வீட்டைக் கடலில் இறக்கினார்கள்!

பழங்கதை என்று நினைக்காதே. அதே நியூஃபவுண்ட்லாந்தில் லிட்டில் பே ஐலண்ட்ஸ் என்ற ஊரில், ஊரைக் காலி செய்வதா என்று 2015-இல் ஓட்டெடுப்பு நடந்தது. வேண்டியது 90 சதவீதம், விழுந்தது 89.47. இன்னும் ஒரே ஒரு ஓட்டு விழுந்திருந்தால் தாண்டியிருக்கும். வீட்டுக்கு 2,50,000 டாலருக்குக் குறையாமல் கிடைக்கவேண்டிய பணம் நின்றுபோனது. 2019-இல் மறுபடி ஓட்டு, இந்த முறை எல்லோரும் சம்மதம். அந்த ஆண்டு டிசம்பர் 31-இல் மின்சாரத்தை நிறுத்தினார்கள். ஒரு தம்பதி மட்டும் சூரிய மின்சாரத்தை நம்பி அங்கேயே இருந்துவிட்டார்கள்.

இடைப்பட்ட அந்த நான்கு வருடம் 'வேண்டாம்' என்றவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் எப்படி விழித்திருப்பார்கள்? நீ குடியிருப்போர் சங்கத்தில் செயலாளராக இருந்தவன், ஓட்டு எண்ணி முடித்த பிறகு நடப்பதெல்லாம் உனக்குத் தெரியும். அதைப் பற்றி விவரமாக எழுது.

அன்புடன்,
மணி