செப்டம்பர் 23: மூத்தவர்களின் சைகைகளைப் பதிவு செய்வோம்

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

1880இல் மிலானில் கூடிய ஆசிரியர் மாநாடு, காதுகேளாதோர் பள்ளிகளில் வாய்ப்பேச்சு வழியே பாடம் நடத்த வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானித்தது. வாக்களித்தவர்களில் ஏறக்குறைய எல்லாருமே காது கேட்பவர்கள்! அந்த அலையில் தம் சைகை மொழி அழிந்துவிடும் என்று அஞ்சிய, காதுகேளாத அமெரிக்கர் ஜார்ஜ் வெடிட்ஸும் தோழர்களும் தேர்ந்த சைகையாளர்களைப் படச்சுருளில் பதிவு செய்தார்கள். 1913இல் அவர் ஆற்றிய சைகை உரையை இன்றும் பார்க்கலாம்.

நம்மிடம் கைபேசியே இருக்கிறது. இந்திய சைகை மொழி அகராதி 2021இல் 10,000 சொற்களை எட்டியது, மகிழ்ச்சி. ஆனால் காதுகேளாதோர் பள்ளிகளின் பழைய விடுதிகளில் பிள்ளைகளே உண்டாக்கிய சைகைகளும், ஆசிரியர்களுக்கு வைத்த பட்டப்பெயர்களும் பெரியவர்களின் கைகளில்தான் இருக்கின்றன.

உலக சைகை மொழிகள் நாளான செப்டம்பர் 23க்குள், உங்களுக்குத் தெரிந்த மூத்தவர் ஒருவரையாவது பதிவு செய்து இங்கே அனுப்புங்கள். முதலில் அவர் சம்மதம் பெறுங்கள். இடுப்புக்கு மேல் முழுவதும் தெரியட்டும். முகபாவமும் இலக்கணம்தான், தலையை வெட்டிவிடாதீர்கள். வெளிச்சம் முகத்தில் விழட்டும். கட்டம் போட்ட சட்டை வேண்டாம். ஊர், பள்ளி, படித்த ஆண்டுகளை எழுதி அனுப்புங்கள். பின்னணி இசை சேர்க்கத் துடிப்பவர்கள் இந்த ஒருமுறை பொறுத்தருள வேண்டும்.