கணுக்கால் பிசகுக்கும் வேண்டும் காணொலி மருத்துவம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோத்தகிரி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை நான். எங்கள் மைதானம் பாதி சரிவு. மழை விட்ட மறுநாள் கபடி ஆடினால் யாருக்காவது கணுக்கால் பிசகும். எலும்பு டாக்டரைப் பார்க்க மேட்டுப்பாளையமோ கோவையோ இறங்க வேண்டும். வீங்கிய காலோடு அந்த வளைவுகளில் பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

சென்ற மாதம் ஒரு மாணவியை டாக்டர் வீடியோ அழைப்பில் பார்த்தார். கணுக்காலில் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பின் பின் விளிம்பையும், பாதத்தின் ஓரங்களையும் என்னை அழுத்தச் சொன்னார். பிறகு, "நாலு எட்டு வைம்மா" என்றார். வைத்தாள். எலும்பில் வலி இல்லை, எக்ஸ்ரே வேண்டாம் என்றார். எட்டு வைக்க முடியாதிருந்தால் மலையிறங்கித்தான் ஆக வேண்டும். அதைத் திரை தீர்க்காது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். வீக்கம் வடிந்ததும் ஆட வந்து நிற்கிறார்கள். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் தள்ளாடுகிறார்கள். அதே கால் மறுபடி பிசகுவது பெரும்பாலும் இப்படித்தான். சமநிலைப் பயிற்சியைப் பார்த்துத் திருத்த ஒரு பிசியோதெரபிஸ்ட் திரையில் வந்தாலே போதும்.

2019 முதல் மத்திய அரசின் காணொலி மருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரத்தில் ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்கட்டும். எங்கள் ஊர்ச் சரிவுகளில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது என்பதால்தான் நிலையத்திலேயே கேட்கிறேன். தேயிலை பறித்துத் தோளும் இடுப்பும் பிடித்துக்கொண்ட அக்காக்களும் அங்கே வருவார்கள்.

– உடற்கல்வி ஆசிரியை, கோத்தகிரி