தாத்தாவின் கேரம் போர்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

தாத்தாவின் போர்டை ஓசூருக்குப் பார்சல் சர்வீஸில் போட்டாயிற்று. வந்ததும் சுவரில் சாய்த்து வைத்துவிடாதே. நாள்பட்டால் ப்ளைவுட் வளையும். நடுவில் கொஞ்சம் பள்ளம் விழுந்தாலும் காயெல்லாம் அங்கேயே போய் நிற்கும். கட்டிலுக்கு அடியில் படுக்கப் போடு.

நாலு மூலை வலையும் அவர் பின்னியது. சென்னை 'பின்னி' துணி மில்லில் தறி ஓட்டி, அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போட்ட விரல். அதே தறி முடிச்சைத்தான் வலைக்கும் போட்டிருக்கிறார். இழுக்க இழுக்க இறுகும். கூடவே கயிற்றுக்கண்டு வைத்திருக்கிறேன். பிரிந்தால் புது வலை மாட்டாமல் அதிலேயே பின்னு. ஒரு வலையில் பத்துக் காயாவது தங்கணும், அந்த அளவுக்குத் தொய்வு விடு.

ஆடும் முன் ஸ்ட்ரைக்கரை முழு வேகத்தில் அடித்துப் பார். மூன்றரை தடவை போய் வரணும். ஒரு பக்கம் சோர்ந்தால் அந்த ஃப்ரேமை விரலால் தட்டிக் கேள். மொத்தென்று கேட்டால் அடியில் ஸ்குரூ தளர்ந்திருக்கிறது. கால் சுற்று, கால் சுற்றாக நாலு மூலையையும் மாற்றி மாற்றி இறுக்கு. ஒரே மூலையை முழுக்க இறுக்கினால் சதுரம் கோணிவிடும்.

போரிக் பவுடரை டப்பாவிலிருந்து கொட்டாதே. பழைய பருத்தித் துணியை இரண்டாக மடித்துச் சின்ன மூட்டையாகக் கட்டித் தட்டினால் போதும். பழைய பவுடர் கை வியர்வையோடு சேர்ந்து சாம்பல் நிறத்தில் திரளும். அதைக் காய்ந்த துணியால் துடைத்த பிறகுதான் புதிது. தண்ணீர் படவே கூடாது. ஐப்பசி மழையில் தாத்தா அரை மணி முன்பே 100 வாட் குண்டு பல்பைப் போட்டு, அந்தச் சூட்டில் போர்டைக் காயவிடுவார். எல்இடியில் அந்தச் சூடு வராது.

1996-ல் மில் மூடியபோது, ஐம்பது வயது ஆண்கள் பகலில் வீட்டில் உட்காரக் கூச்சப்பட்டார்கள். அதுவரை சாயங்காலம் மட்டும் போட்ட போர்டைத் தாத்தா காலை பத்து மணிக்கே தெருவில் போட ஆரம்பித்தார். தலையைக் குனிந்துகொண்டு யாராவது போனால், "வா நைனா, ஒரு கை கொறையுது" என்பார். நாலு பேரும் இருப்பார்கள். தான் எழுந்து இடம் விடுவார். எங்கே வாட்ச்மேன் வேலை காலி, எந்த கம்பெனியில் லோடு ஏற்ற ஆள் எடுக்கிறார்கள் என்ற சேதியெல்லாம் அந்தப் போர்டைச் சுற்றித்தான் கை மாறியது. வேலை கேட்டு வந்ததாக யாரும் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை, ஆட வந்தேன் என்றால் போதும். எனக்குத் தெரிந்து அவர் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான்.

காசு வைத்து ஆட விடமாட்டார். தோற்றவர் எழுந்திருக்கணும், அடுத்தவர் உட்காரணும். சாயங்காலம் ஆறிலிருந்து ஏழரை வரை பிள்ளைகளுக்கு. பெண் பிள்ளைகளுக்கும் அதே முறை. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா நம் வடசென்னைப் பெண்தான், ஆட்டோ ஓட்டுநர் மகள்.

ஸ்டாண்ட் 65 செ.மீ. உயரம் இருந்தால் முதுகு வலிக்காது. ஸ்டூல் ஐந்தாக வாங்கு. ஆடுவது நாலு பேர்தான், ஆனால் நின்று பார்க்கிறவர் பத்து நிமிஷத்தில் போய்விடுவார் என்று தாத்தா எப்போதும் ஒன்று கூடுதலாகப் போட்டு வைப்பார்.

அப்பா