இடது சீட்டில் இருந்தவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த மான்டி கார்லோ கார் ராலி கட்டுரையை ரசித்துப் படித்தேன். 1964-இல் பேடி ஹாப்கிர்க் குட்டி மினி கூப்பரில் பெரிய வண்டிகளை வீழ்த்திய கதை நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால், படித்தால் காரில் அவர் ஒருவர்தான் இருந்தார் என்று தோன்றும். பக்கத்தில் வழி சொல்லும் நேவிகேட்டராக ஹென்றி லிடன் இருந்தார். அப்போதைய சோவியத் நகரமான மின்ஸ்க்கில் கிளம்பி மொனாக்கோ வரை அவரும்தான் வந்தார். 1967-இல் அதே ராலியில் இதே லிடன் ரானோ ஆல்டோனனுக்கு வழி சொன்னார். மறுபடியும் மினிக்கே வெற்றி.

நான் பல வருடம் நம்மூர் மலை ராலிகளில் நேவிகேட்டராக உட்கார்ந்தவன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் தலையைக் குனிந்து ரோடு புக், அதாவது வழிக் குறிப்புப் புத்தகம், படிக்க வேண்டும். குமட்டும். ஒரு கையில் எலுமிச்சம்பழம், மறு கையில் ஸ்டாப் வாட்ச். நேரம் பதியும் சாவடிக்குக் குறித்த நேரத்தைவிடத் தாமதமாகப் போனாலும் அபராதம், முன்னதாகப் போனாலும் அபராதம். ஓட்டுநர் அந்தக் கணக்கையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

மான்டி கார்லோவில் இன்னும் கஷ்டம். 1607 மீட்டர் உயரத்தில் இருக்கும் டுரினி கணவாயில் ஒரு வளைவு காய்ந்திருக்கும், அடுத்தது ஐஸாக இருக்கும். முன்கூட்டியே ஒரு குழு அந்த வழியில் போய், எங்கெங்கே ஐஸ் என்று குறித்துக்கொண்டு வரும். நேவிகேட்டர் அதைத் தன் குறிப்பில் ஏற்றி, வளைவு வருவதற்குள் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் பிந்தினால் கார் பள்ளத்தில்தான்.

1960-இல் லியேஜ்–ரோம்–லியேஜ் ராலியை ஆஸ்டின் ஹீலி 3000-இல் ஜெயித்தவர்கள் இரண்டு பெண்கள்: பாட் மாஸ், ஆன் விஸ்டம். நாலு நாள் இரவு பகலாக, சரியான தூக்கமே இல்லாமல் போக வேண்டியிருந்த போட்டி அது. பாட் மாஸை 'கார் பந்தய வீரர் ஸ்டிர்லிங் மாஸின் தங்கை' என்றாவது எழுதுகிறார்கள். ஆன் விஸ்டம் பெயரைத்தான் பல இடங்களில் காணோம்.

இனி ராலி முடிவுகளைப் போடும்போது இரண்டு பெயரையும் சேர்த்துப் போடுங்கள். இடம் போதவில்லையா, ஸ்பான்சர் பெயரை வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் நேவிகேட்டர் ஒருவர்,
நாமக்கல்