கதவைத் திறந்தே வை

அன்புள்ள தங்கைக்கு,

உனக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் கிடைத்திருக்கிறது என்று சித்தி நேற்று இரவு போனில் சொன்னார். அதற்கப்புறம் எனக்குத் தூக்கமே வரவில்லை. நான் இருந்த அதே நாட்டுக்கு, அமெரிக்க அரசின் அதே பீஸ் கோர் அமைப்பின் தன்னார்வலராக நீயும் போகிறாய்!

பெட்டியில் என்னென்ன எடுத்து வைப்பது என்று கேட்டிருந்தாய். அந்தப் பட்டியலை அவர்களே அனுப்பிவிடுவார்கள். கழிப்பறை, வாளித் தண்ணீர்க் குளியல், கொசுவலை, மலேரியா மாத்திரை எல்லாம் பத்து நாளில் பழகிவிடும். நான் சொல்ல நினைப்பது வேறு. அங்கே நீ ஒரு வீட்டுக்குப் பிள்ளையாகப் போகிறாய். இது எனக்கு முன்பே உறைத்திருந்தால் தியெஸில் என்னை வைத்திருந்த குடும்பத்தை அத்தனை வருத்தப்படுத்தியிருக்க மாட்டேன்.

தியெஸ், தலைநகர் டாக்காரிலிருந்து கிழக்கே 70 கிலோமீட்டர். பயிற்சிக் காலத்தில் அங்கே ஒரு வீட்டில் தங்கவைத்தார்கள். 1963-லிருந்தே அந்த நாட்டுக்குத் தன்னார்வலர்கள் போய் வருகிறார்கள். வெளியூர்ப் பிள்ளையை வளர்ப்பது அவர்களுக்குப் பழகிய வேலை. அப்படி வளர்வதுதான் நமக்குப் பழக்கமில்லை.

முதல் வாரம் மதியம் பயிற்சி முடிந்து வந்ததும் என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். காலை முழுக்க அந்த ஊர் மொழியான வோலோஃப் கேட்டுத் தலை கனத்திருக்கும், ஒரு மணி நேரம் யாரும் பேசாமல் இருந்தால் போதும் என்றிருக்கும். ஐந்து நிமிடத்தில் ஒரு குழந்தை வந்து கதவைத் தட்டும். அப்புறம் இன்னொன்று. கடைசியில் வீட்டு அம்மாவே வந்து வாசலில் பாயைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். தொந்தரவு செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். நடந்தது என்னவென்றால், அந்த வீட்டில் பகலில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பவர் ஒன்று நோயாளி, இல்லையென்றால் யார் மேலோ கோபமாக இருப்பவர். நான் தனிமை தேடிய ஒவ்வொரு மதியமும், எனக்கு என்ன குறை வைத்தோமோ என்று அவர் கவலைப்பட்டிருக்கிறார்.

சாப்பாட்டு விஷயம் இதைவிடப் பெரியது. ஒரு பெரிய வட்டில் தரையில் இருக்கும். அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து வலக்கையாலோ கரண்டியாலோ அதிலிருந்தே சாப்பிடுவார்கள். நம் வீட்டில் எச்சில் பார்த்து வளர்ந்த எனக்கு முதல் நாள் தொண்டைக்குள் எதுவும் இறங்கவில்லை. ஒரு தட்டு கேட்டேன். உடனே எடுத்துக் கொடுத்தார்கள், முகம் சுளிக்கவில்லை. இரண்டு வாரம் தனித்தட்டில் சாப்பிட்டேன். அப்புறம் ஒரு நாள் எங்கள் மொழி ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "அந்த வீட்டுப் பாட்டி என்னிடம் கேட்டார். எங்கள் கை சுத்தமில்லை என்று நினைக்கிறதா அந்தப் பெண், என்று."

அன்று இரவே வட்டிலைச் சுற்றி உட்கார்ந்தேன். அதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. உன் முன்னால் இருக்கும் பங்கில்தான் கை வைக்க வேண்டும், நடுவுக்கு நீட்டக் கூடாது. நடுவில் இருக்கும் மீனையும் காயையும் அம்மா பிய்த்துப் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் தள்ளிக்கொண்டே இருப்பார். என் பக்கம் எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே விழும். அவரே என்ன சாப்பிட்டார் என்று கவனித்தால் பாதி நாள் ஒன்றும் இருக்காது. இதை நீ எங்கே பார்த்திருக்கிறாய் என்று உனக்கே தெரியும்.

அந்தச் சோற்றுக்குப் பெயர் செபு ஜென். அரிசி என்னவென்று நினைக்கிறாய்? நொய்! நம் ஊரில் கஞ்சிக்குப் போடுவோமே, அதே நொய்தான். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் இந்தோசீனாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கி, முழு அரிசியைவிட அதுதான் ருசி என்று நாடே பழகிவிட்டது. மீன் வெந்த குழம்பிலேயே சோறும் வேகும். மரவள்ளி, கத்தரிக்காய், கேரட், முட்டைக்கோஸ் எல்லாம் இருக்கும், கூடவே புளி. அடியில் பிடித்த காந்தலுக்கு ஹோஞ் என்று பெயர், கேட்டு வாங்கிச் சாப்பிடு. 2021-ல் யுனெஸ்கோ செபு ஜென்னைப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்த செய்தியைப் படித்தபோது, நியூ ஜெர்சியில் என் சமையலறையில் நின்று அழுதேன்.

நீ சைவம். குழம்பிலிருந்து மீனை எடுத்துவிட்டாலும் சோற்றில் அதன் சாறு இருக்கும். அது உனக்குச் சரியா என்பதைப் போவதற்கு முன்பே தீர்மானித்துக்கொள், அங்கே போய்த் தடுமாறாதே. இது எங்கள் வீட்டு வழக்கம் என்று முதல் நாளே பணிவாகச் சொல். தங்களுக்கும் விலக்குகள் உள்ளவர்கள் அவர்கள், புரிந்துகொள்வார்கள். ஆனால் வட்டிலை விட்டு மட்டும் எழுந்து போகாதே. உன் பக்கம் காயாகத் தள்ளிவிடுவார்கள்.

பயிற்சி முடிந்து கௌலக் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். அது கடலைக்காடு, வெயிலில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அங்கே இரவுச் சாப்பாடு கம்பு. பெண்கள் இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து ஒரே உரலில் மாற்றி மாற்றி உலக்கை போடுவார்கள். நானும் போட்டேன். கை கொப்பளித்தது. மறுநாளும் போனேன். அதற்குப் பிறகுதான் அவர்கள் தங்கள் வீட்டுக் கதைகளை என்னிடம் சொல்ல ஆரம்பித்தார்கள். பெயருக்கு நான் சுகாதாரப் பணிக்குப் போனவள்தான், ஆனால் செய்ய முடிந்த எல்லா வேலைக்கும் வழி அந்த உரலடியில்தான் திறந்தது.

வணக்கம் சொல்வதில் அவசரப்படாதே. "நங்க தெஃப்?" என்றால் "மாங்கி ஃபி ரெக்" என்பார்கள். "இங்கேதான் இருக்கேன்" என்று அர்த்தம். நம் பாட்டி "இருக்கேன்" என்பாரே, அதேதான். அதோடு முடியாது. வீட்டார் எங்கே, அம்மா எங்கே, குழந்தைகள் எங்கே என்று ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும். கிணற்றடிக்குப் போக அரை மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

இன்னொன்று. வீட்டில் எத்தனை பேர் என்று விரல் நீட்டி எண்ணாதே. கணக்கெடுப்புப் படிவத்தை வைத்துக்கொண்டு நான் எண்ணியபோது கிராமத்தில் என்னை வைத்திருந்த வீட்டு அம்மா பாய்ந்து வந்து என் கையை இறக்கிவிட்டார். மனிதரை எண்ணினால் ஆகாது. எண்ணியே ஆக வேண்டுமென்றால் கடவுளின் மரக்குச்சிகள் என்று சொல்லித்தான் எண்ணுவார்கள். கண் பட்டுவிடும் என்று பயப்படுகிற நம் வீட்டுப் பிள்ளையான நான் இதை ஊகித்திருக்க வேண்டும்.

உன் முகத்தைப் பார்த்ததும் ஹிந்திப் பாட்டுப் பாடச் சொல்வார்கள். ஹிந்திப் படங்கள் மேல் அங்கே தலைமுறைகளாகப் பிரியம். நீ தமிழ்த் தாலாட்டுப் பாடு. நான் பாடிய ஆராரோவை அந்த வீட்டுச் சின்னவள் கற்றுக்கொண்டு தன் தம்பிக்குப் பாடினாள்.

2020 மார்ச்சில், கொரோனா பரவியபோது, 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருந்த சுமார் 7,000 தன்னார்வலர்களை ஒரே சமயத்தில் திரும்ப அழைத்தார்கள். அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. எனக்கு ஒரு நாள்தான் கிடைத்தது. வண்டி வந்து நின்றபோது அம்மா தன் இடக்கையை நீட்டினார். அங்கேயும் நம்மைப் போலத்தான், இடக்கையால் சாப்பிடவோ கொடுக்கவோ மாட்டார்கள். நெடுந்தூரம் போகிறவர்களுக்கு மட்டும் அந்தக் கையைக் கொடுப்பார்கள். தப்பான கையைக் கொடுத்ததைச் சரிசெய்ய அவர்கள் திரும்பி வந்தாக வேண்டும் என்பதற்காக. நாம் "போயிட்டு வரேன்" என்று சொல்வது போல.

நான் இன்னும் திரும்பிப் போகவில்லை. வேலை, அப்பாவின் உடல்நிலை என்று வருடங்கள் ஓடிவிட்டன. பயிற்சி முடிந்து கௌலக் வழியாகப் போக நேர்ந்தால் அந்த ஊருக்கு ஒரு நடை போய் வா. வழியை எழுதித் தருகிறேன். வெறுங்கையோடு போகாதே. அம்மாவிடம் உன்னை என் தங்கை என்று சொல். டிசம்பரில் அக்கா வருகிறாள், வலக்கையைக் கொடுக்க வருகிறாள் என்று சொல்.

அன்புடன்,
அக்கா