வாடைக்கும் ஒரு பதிவேடு வேண்டும்: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தாருக்குத் திறந்த மடல்

மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தொழிற்பேட்டைகளையும் குப்பைக் கிடங்குகளையும் அடுத்து வாழும் மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கும் அதே வேளையில், காற்றுத் தரக் குறியீடு ‘நன்று’ என்று காட்டக்கூடும். அது கருவியின் பிழையன்று. குறியீட்டில் சேரும் 8 மாசுகளில் அம்மோனியா உண்டு. அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடு இல்லை. 2009-இல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர நியமத்தின் 12 மாசுகளிலும் அது இடம்பெறவில்லை. அம்மோனியாவுக்கும் 24 மணி நேரச் சராசரியே கணக்கு என்பதால், பின்னிரவில் அரைமணி நேரம் வீட்டுக்குள் புகுந்து குழந்தைகளை எழுப்பிவிட்டுப் போகும் வீச்சம் அந்தச் சராசரியில் கரைந்துவிடுகிறது. ஹைட்ரஜன் சல்பைடால் வாடைப் புகார் எழாதிருக்க, அரைமணி நேரச் சராசரி கனமீட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இரவில் காற்று அடங்கி, தரையை ஒட்டிய குளிர்ந்த அடுக்கு மேலெழாமல் தங்கிவிடுவதால், வாடை தெருவிலேயே தேங்குகிறது. வெயில் ஏறியதும் கலைந்துவிடுகிறது. பகலில் ஆய்வுக்கு வருபவர் எதையும் முகராமல் திரும்பினால் அது அவர் குற்றமன்று, அவர் வந்த நேரத்தின் குற்றம்.

2004-இல் கடலூர் சிப்காட்டை ஒட்டிய ஊர்களின் மக்கள், எப்போது என்ன வாடை வந்தது என்று தாங்களே குறித்துவைத்தார்கள். வாளிக்குள் பை பொருத்திய எளிய கருவியால் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அழுகிய முட்டை என்றால் கந்தகச் சேர்மம், நகப்பூச்சு என்றால் கரைப்பான் ஆவி என்று தேடத் தொடங்க, வேதியியலாளருக்கு இத்தகைய சொற்களே துப்பு. முடை, கவிச்சி, கமறல், வீச்சம் என்று தமிழில் இத்தனை சொற்கள் இருக்க, புகாரில் எல்லாமே ‘துர்நாற்றம்’ என்று சுருங்கிவிடுவது எனக்கு விந்தையாகப் படுகிறது.

ஆகவே வாடைப் புகாரைப் பதியும்போது நேரம், காற்றின் திசை, வாடையின் தன்மை ஆகியவற்றைக் கேட்டுக் குறிக்க வேண்டும் என்றும், ஒரே ஊரிலிருந்து அடுத்தடுத்துப் புகார் வந்தால் அந்த இரவிலேயே காற்று மாதிரி எடுக்க வேண்டும் என்றும், இரண்டையும் ஒப்பிட்ட விவரத்தை மாதந்தோறும் அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மாதிரி எடுக்க ஆளும் செலவும் ஆகும் என்பதை அறிவேன். பதிவேட்டைத் தொடங்க அவ்வளவு வேண்டாம். இரவில் தொலைபேசியை எடுக்க ஒருவர் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
தொழிற்பேட்டை ஒன்றின் அருகே வாழும் ஒருவர்