உம்ம கைக்கு எவ்வளவு?

பாளையங்கோட்டை

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது.

நீ அனுப்பிய படங்களை மூன்று நாளாகப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ பழசாக வாங்கிச் சரிபண்ணிய அந்தப் பின்பால் மிஷினை, அதாவது இரும்புக் குண்டை உருட்டி ஆடும் விளையாட்டுப் பெட்டியை, 1,500 டாலருக்குத் தள்ளிவிடலாம் என்று நினைப்பதாகவும், பார்க்க வந்தவர் அதிலும் குறைக்கச் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். கொடுக்காதே.

நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது ஹைகிரவுண்ட் பக்கம் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், சைக்கிள் கேரியரில் ஒரு வால்வு ரேடியோவைக் கட்டிக்கொண்டு நம் கடைக்கு வந்தார். காகிதக் கண்டன்ஸர் அத்தனையும் கசிந்திருந்தது. டயல் கயிறு அறுந்து முள் ஒரே இடத்தில் நின்றது. ஸ்பீக்கர் தாளை எலி கடித்திருந்தது. ஒன்பது நாள் அதோடு உட்கார்ந்தேன். இலங்கை வானொலி கரகரப்பில்லாமல் வந்ததும் மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். அப்புறம் எவ்வளவு என்றார். சாமானுக்கு ஆன 60 ரூபாயைச் சொன்னேன். "ஓய், சாமானுக்குச் சொல்லுதீரு. உம்ம கைக்கு எவ்வளவு?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவராகவே இன்னொரு 50 ரூபாயை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். கடை நடத்திய இத்தனை வருஷத்தில் அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது நீயும் அதே தப்பைச் செய்யப் பார்க்கிறாய், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். மிஷினை வாங்கியது 500, சாமானுக்கு 600. மொத்தம் 200 மணி நேரம் ஆனது என்கிறாய். அதில் பாதிக்கு மேல் நீ கற்றுக்கொண்ட நேரம். எந்த ரிலே சுவிட்ச் எதை இழுக்கிறது என்று வயரிங் படத்தை வைத்துக்கொண்டு ராத்திரி ராத்திரியாகத் தேடினாயே, அதை வாங்குகிறவர் தலையில் கட்டக் கூடாது. கை பழகியவன் 80 மணி நேரத்தில் முடித்திருப்பான். மணிக்கு 20 டாலர் என்றாலும் 1,600. போட்ட காசோடு சேர்த்தால் 2,700 வருகிறது. இந்த மாதிரி சரிபண்ணிய மிஷின் உங்கள் பக்கம் 2,000 முதல் 2,500 வரை போவதாக நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் 2,400 சொல், 2,200க்குக் கீழே இறங்காதே. உழைப்பு மொத்தமும் காசாகத் திரும்பாது, எனக்கும் தெரியும். அதற்காகக் கையைச் சும்மா கொடுத்துவிட முடியுமா?

வாங்க வருகிறவருக்கு முதலில் பந்து ஓடும் பலகையைத் தூக்கி நிறுத்தி அடிப்பக்கத்தைக் காட்டு. பெட்டியையும் காலையும் யார் வேண்டுமானாலும் மினுக்கிவிடலாம். அந்தக் காண்டாக்ட் தகடுகளை ஒவ்வொன்றாக அரத்தால் தேய்த்து, இடைவெளி பார்த்து வளைத்து வைத்திருக்கிறாயே, படத்தில் பார்த்ததுமே என் விரல் துறுதுறுத்தது. பிறகு மேலே, பந்தைத் தட்டி மேலே அனுப்பும் கையான பிளிப்பருக்கு முன்னால் உள்ள இடத்தைக் காட்டு. 80 கிராம் இரும்புக் குண்டு வருஷக்கணக்கில் உருளும் இடம், பெயிண்ட் முதலில் தேய்வது அங்கேதான். உன்னுடையதில் பழைய பெயிண்ட் இன்னும் இருக்கிறது. விலை கேட்க அது ஒன்றே போதும்.

மிஷினின் பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் படம் போட்ட பின்கண்ணாடி விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. படம் கண்ணாடியின் உள்பக்கம் அச்சடித்தது. பின்னால் எரியும் பல்புச் சூட்டிலும் ஈரத்திலும் அது செதில் செதிலாக உதிரும். ரேடியோவில் டயல் கண்ணாடி அப்படித்தான். வால்வு தேடினால் கிடைக்கும், கண்டன்ஸர் கிடைக்கும், ஊர்ப் பெயர் எழுதிய அந்தக் கண்ணாடி உடைந்தால் போனதுதான். உன் மிஷினில் இடது கீழ்மூலையில் ஒரு ரூபாய்க் காசளவு உதிர்ந்திருக்கிறது. அவர் கண்ணில் படும்வரை காத்திராமல் நீயே சொல்லிவிடு. மாற்றிய சாமான் என்னென்ன என்று ஒரு தாளில் எழுதி, கழற்றிய பழையதையும் ஒரு பையில் போட்டுக் கொடு. ஒருவர் என்னிடம் நாலு பழைய ரேடியோப் பெட்டிக்கு அரக்குப் பாலிஷ் போட்டு வாங்கிப் போனார். உள்ளே புது போர்டை மாட்டி, அசல் என்று விற்றிருக்கிறார். பின்னால் கேள்விப்பட்டு ரொம்ப நாள் மனசு ஆறவில்லை.

பழசு, அபூர்வம் என்று சொல்லியும் விலை கேட்காதே. 1947இல் காட்லீப் கம்பெனி ஹம்ப்டி டம்ப்டி மிஷினில் பிளிப்பர் வைத்தது. அதற்கு முன்னால் வந்தவை இன்னும் பழசு, ஆனால் பந்தை விட்டுவிட்டு மிஷினைத் தட்டிப் பார்ப்பதைத் தவிர ஆடுகிறவனுக்குப் பெரிதாக வேலையில்லை. 1992இல் வந்த ஆடம்ஸ் ஃபேமிலி மிஷின் 20,270 செய்தார்கள், அத்தனை இருந்தும் நல்ல விலைக்குப் போகிறது. ஆடியவன் மறுபடி ஆட ஆசைப்படுகிறான். ஆகவே வந்தவரிடம் விலை பேசும் முன் மூன்று ஆட்டம் ஆடவிடு.

உன் கல்யாணத்துக்கு வாங்கிய பத்தமடைப் பாய் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. அன்று கடையில் சாதாரணப் பாயையும் இதையும் பக்கத்தில் விரித்து, உன் அம்மாவைத் தடவிப் பார்க்கச் சொன்னார்கள். ஆற்றுத் தண்ணீரில் கோரையை ஊறப்போட்டு, மெல்லிசாகக் கிழித்து நெய்தது. தடவிப் பார்த்தபின் அவள் பேரம் பேசவே இல்லை.

விற்பதற்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை மிஷின் பக்கத்தில் வைத்து ஒரு ஆட்டம் ஆடு. பத்துப் புள்ளிக்கு ஒரு மணி, நூறுக்கு வேறு மணி அடிக்கும் என்று எழுதியிருந்தாயே, நானும் அம்மாவும் இரண்டையும் கேட்கவேண்டும்.

அன்புடன்,
அப்பா